சர்வர் வட்டுகளின் சாவியை எங்கே வைப்பது?

சர்வரில் ஒரு வட்டு செத்துப்போகிறது. உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கிறது. பழையதைத் திருப்பி அனுப்பினால் புதியது வரும். ஆனால் அனுப்புவதற்கு முன் அதை அழிக்க வழியில்லை, எந்தக் கட்டளைக்கும் அது பதில் சொல்வதில்லை. உங்களுக்குத்தான் அது செத்த வட்டு. சர்க்யூட் போர்டை மாற்றத் தெரிந்தவர் கைக்குப் போனால் மறுபடி எழுந்து, உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடலாம். சர்வர் வட்டுகளைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு முதல் காரணம் இந்த வட்டுதான்.

குறியாக்கம் செய்வது இன்று பெரிய வேலை இல்லை. ஏஇஎஸ் என்ற குறியாக்கக் கணக்கை வேகமாகப் போடும் கட்டளைகள் பிராசஸரிலேயே இருக்கின்றன. லினக்ஸை நிறுவும்போது ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் முடிந்தது. சிக்கல் சாவியில் இருக்கிறது. மடிக்கணினி என்றால் முன்னால் ஆள் உட்கார்ந்து கடவுச்சொல்லைத் தட்டுவார். சர்வரோ மின்சாரம் போய் வந்தால் விடியற்காலை மூன்று மணிக்குத் தானாக எழும். அப்போது சாவியை யார் கொடுப்பது? ஆள் கொடுக்கலாம், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சில்லு கொடுக்கலாம், வட்டே தனக்குள் வைத்திருக்கலாம், வலையில் இருக்கும் இன்னொரு சர்வர் கொடுக்கலாம். இந்த நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், எந்த வகை இழப்பைத் தாங்கிக்கொள்ளப் போகிறோம் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்.

அதனால் முதலில் பயத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு தனி வட்டு மட்டும் வெளியே போவது ஒன்று: பழுது, கழிவு, கைநழுவல். சர்வரையே அலாக்காகத் தூக்கிக்கொண்டு போவது இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குள் யாரோ நுழைவது மூன்றாவது. இதற்கு வட்டுக் குறியாக்கம் எந்த வகையிலும் உதவாது, ஏனென்றால் அந்த நேரத்தில் வட்டு திறந்துதான் இருக்கிறது. இந்த மூன்றையும் தாண்டி, பேச்சில் அடிக்கடி விட்டுப்போகும் ஒன்று உண்டு: சாவியை நாமே தொலைப்பது. திருட்டைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். திருட்டுப்போனால் தகவல் இன்னொருவரிடமும் இருக்கும். சாவி போனால் தகவல் யாரிடமும் இருக்காது.

ஒப்பீட்டுக்குப் போகுமுன் சாவியின் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. லினக்ஸில் வட்டுக் குறியாக்கத்துக்குப் பரவலாகப் பயன்படுவது எல்யுகேஎஸ் என்ற வடிவம். பேச்சில் எல்லோரும் லக்ஸ் என்றே சொல்வோம். இதில் நீங்கள் தட்டும் கடவுச்சொல் வட்டைக் குறியாக்கம் செய்யும் சாவி அல்ல. உண்மையான சாவி நிறுவும்போதே யாரும் ஊகிக்க முடியாத தற்செயல் எண்ணாக உருவாகி, வட்டின் தலைப்பகுதியில் சிறு அறைகளுக்குள் பூட்டி வைக்கப்படுகிறது. ஒவ்வொரு அறையிலும் அதே சாவியின் ஒரு பிரதி. ஒவ்வொன்றையும் திறக்க வெவ்வேறு வழி. பழைய லக்ஸ் 1-இல் 8 அறைகள், லக்ஸ் 2-இல் 32 வரை. ஆகவே கீழே வரும் முறைகளில் ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்பதில்லை. ஒரே வட்டில் டிபிஎம் (மதர்போர்டில் இருக்கும் பாதுகாப்புச் சில்லு) ஒரு அறையிலும், வலைச் சாவி ஒரு அறையிலும், அவசரக் கடவுச்சொல் ஒரு அறையிலும் இருக்கலாம். இது தெரியாமல்தான் பலர் இரண்டில் ஒன்று என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

கையால் தட்டுவது

சாவி எங்கும் எழுதப்படவில்லை, ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கிறது. தனி வட்டு போனாலும் சரி, சர்வரே போனாலும் சரி, பாதுகாப்பு முழுமை. தொலைவிலிருந்து தட்டவும் வழி இருக்கிறது: சர்வர் எழும் தொடக்கக் கட்டத்திலேயே டிராப்பேர் என்ற சின்ன எஸ்எஸ்எச் சேவை ஓடும், அதற்குள் நுழைந்து கடவுச்சொல்லைக் கொடுத்தால் மீதி தானாக நடக்கும். ஒரு எச்சரிக்கை உண்டு. அந்தத் தொடக்கக் கட்டம் இருக்கும் பூட் பகுதி பெரும்பாலும் குறியாக்கம் செய்யப்படாதது. சர்வரைத் தொடக்கூடிய ஒருவர் அதை மாற்றி வைத்துவிட்டுப் போனால், அடுத்த முறை நீங்கள் தட்டும் கடவுச்சொல் அவருக்கும் கிடைக்கும்.

இரண்டு மூன்று சர்வர்களுக்கு இந்த முறையே போதும் என்பேன். எண்ணிக்கை கூடும்போதுதான் இது மனிதர்களைத் தின்ன ஆரம்பிக்கும். ஒருமுறை இரவில் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுந்து கடவுச்சொல் கேட்டு நின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல், எல்லாம் ஒழுங்காக ஒரு கடவுச்சொல் பெட்டகத்தில். அந்தப் பெட்டகம் ஓடியது அந்த முப்பதில் ஒன்றின் மேல். அதன் கடவுச்சொல்லை மனப்பாடமாக வைத்திருந்தவர் அப்போது ரயிலில் இருந்தார், அவர் போனுக்கு சிக்னல் கிடைக்கும் வரை நாங்கள் காத்திருந்தோம். அன்றிலிருந்து எந்தச் சாவி ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இது: எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தால், எது முதலில் எழும்?

சாவிக் கோப்பு

தரவு வட்டுகளைத் திறக்கும் சாவியை ஒரு கோப்பாக்கி பூட் வட்டிலோ, சர்வரின் முதுகில் செருகிய யுஎஸ்பி குச்சியிலோ வைப்பது. பூட்டைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிட்டது போல என்று பலர் இதை ஒதுக்குவார்கள். நான் அப்படி ஒதுக்கமாட்டேன். உங்கள் பயம் உத்தரவாதத்தில் திருப்பி அனுப்பும் தரவு வட்டு மட்டும்தான் என்றால், இது அந்தப் பயத்தை முழுவதும் தீர்க்கிறது, செலவும் இல்லை. சர்வரையே தூக்கிப்போனால் பயனில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டு செய்ய வேண்டும். சாவி இருக்கும் பூட் வட்டே பழுதானால் அதைத் திருப்பி அனுப்பாமல் உடைத்துப் போட்டுவிடுங்கள்.

டிபிஎம்

மதர்போர்டில் இருக்கும் இந்தச் சில்லு சாவியை ஒரு நிபந்தனையோடு பூட்டி வைக்கும். சர்வர் எழும்போது ஃபர்ம்வேர் (பலகையிலேயே பதிந்த அடிப்படை நிரல்), பூட்லோடர் (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்) என்று ஒவ்வொரு படியின் அளவீடும் பிசிஆர் எனப்படும் பதிவேடுகளில் சேர்ந்துகொண்டே வரும். பூட்டும்போது இருந்த அளவீடு இப்போதும் இருந்தால்தான் சில்லு சாவியைத் தரும். லினக்ஸில் சேவைகளை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டியின், 2021-இல் வந்த 248 பதிப்பிலிருந்து இதற்கான கருவி லினக்ஸிலேயே கூட வருகிறது. ஒரு வரிக் கட்டளையில் வேலை முடியும். ஆள் வேண்டாம், வலை வேண்டாம். தனி வட்டை உருவிப்போனால் சாவி கிடைக்காது.

ஆனால் சர்வரோடு தூக்கிப்போனால்? திருடியவர் மின்சாரம் கொடுக்கிறார், சர்வர் வழக்கம்போல் எழுகிறது, டிபிஎம் வழக்கம்போல் சாவியைத் தருகிறது. இனி அவருக்கும் தகவலுக்கும் இடையே நிற்பது லாகின் திரை மட்டும். அதற்கும் முன்னாலேயே வழிகள் இருக்கின்றன. தனிச் சில்லாக இருக்கும் டிபிஎம்மிலிருந்து பிராசஸருக்குச் சாவி போகும் கம்பியை ஒட்டுக்கேட்க முடியும் என்று 2021-இல் காட்டினார்கள். 2024-இல் ஒருவர் ராஸ்பெர்ரி பை பிகோ பலகையை வைத்து ஒரு மடிக்கணினியின் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) சாவியை 43 வினாடிகளில் எடுத்துக் காட்டினார். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்மில் இப்படிக் கம்பியில் கைவைக்க இடமில்லை. ஆனாலும் இன்னொரு ஓட்டை உண்டு: வட்டில் உண்மையான பகுதியின் இடத்தில் அதே அடையாள எண்ணோடு ஒரு போலிப் பகுதியை வைத்து, தொடக்கக் கட்டத்தை ஏமாற்றித் தன் நிரலை ஓட வைப்பது. அளவீடுகள் மாறாததால் டிபிஎம் அதற்கும் சாவியைக் கொடுத்துவிடும். திறந்த பகுதி நம்முடையதுதானா என்பதையும் அளவீட்டில் சேர்த்து சரிபார்க்காத ஏற்பாடுகளில் இது நடக்கும். டிபிஎம்முக்குக் கூடவே ஒரு பின் எண் வைத்தால் இந்தக் கவலைகளில் பெரும்பகுதி போகும். ஆனால் பின் எண்ணைத் தட்ட ஆள் வேண்டும், மறுபடி மூன்று மணிக் கேள்விக்கே வந்துவிடுகிறோம்.

அன்றாடத் தொல்லை வேறு. எந்தப் பதிவேடுகளோடு பிணைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, ஃபர்ம்வேர் புதுப்பித்தாலோ செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் எழவிடும் வசதி) அமைப்பை மாற்றினாலோ சாவி வராது. மதர்போர்டை மாற்றினால் கட்டாயம் வராது. அவசரக் கடவுச்சொல் இல்லாமல் டிபிஎம்மை மட்டும் நம்புவது, ஒரு பலகையின் ஆயுளோடு உங்கள் தகவலின் ஆயுளைக் கட்டிவிடுவது.

டாங்: வலையில் இருந்தால்தான் திறக்கும்

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டாங் என்பது ஒரு சிறிய சேவை. வட்டைத் திறக்க வேண்டிய சர்வரில் க்ளெவிஸ் என்ற நிரல் அதோடு பேசும். கருத்து எளிது: இந்த வலைக்குள் இருக்கும்வரை வட்டு தானாகத் திறக்கும், வலையை விட்டு வெளியே போனால் திறக்காது.

அழகு என்னவென்றால், டாங்கிடம் உங்கள் சாவி இல்லவே இல்லை. பூட்டும் நேரத்தில் க்ளெவிஸ் ஒரு தற்காலிகச் சாவி ஜோடியை உருவாக்கி, டாங்கின் பொதுச் சாவியோடு டிஃபி–ஹெல்மேன் முறையில் (பொதுச் சாவிகளை மட்டும் பரிமாறி இரு பக்கமும் ஒரே ரகசியத்தை எட்டும் முறை) சேர்த்து ஒரு ரகசியத்தைக் கணக்கிடுகிறது. அந்த ரகசியத்தால் வட்டின் கடவுச்சொல்லைப் பூட்டிவிட்டு, தற்காலிக ஜோடியின் ரகசியப் பாதியைத் தூக்கி எறிகிறது. வட்டின் தலைப்பகுதியில் மிஞ்சுவது பொதுப் பாதி மட்டும். திறக்கும் நேரத்தில் அந்தப் பொதுப் பாதியோடு ஒரு புதுத் தற்செயல் எண்ணைக் கலந்து அனுப்பும்; டாங் தன் ரகசியத்தை அதில் செலுத்தித் திருப்பித் தரும்; க்ளெவிஸ் தான் கலந்ததைக் கழித்துக்கொண்டால் பழைய ரகசியம் மீண்டும் கிடைக்கும். உருவாக்கியவர்கள் பெயரால் இதை மெக்கல்லம்–ரெல்யா பரிமாற்றம் என்பார்கள். இடையில் யார் ஒட்டுக்கேட்டாலும் பயன் இல்லை, டாங்குக்கே எந்த வட்டைத் திறந்தோம் என்று தெரியாது. அதனால் டிஎல்எஸ் சான்றிதழ் வேண்டாம், எந்த சர்வருக்கு எந்தச் சாவி என்ற தரவுத்தளம் வேண்டாம், அதைக் காப்பெடுக்கும் கவலையும் வேண்டாம். டாங்கின் சொந்தச் சாவிகளைக் காப்பெடுத்தால் போதும்.

அதன் பலவீனமும் இதே எளிமையில்தான் இருக்கிறது. யார் கேட்கிறார்கள் என்று டாங் பார்ப்பதில்லை. அதை எட்டக்கூடிய எவரும், வட்டு கையில் இருந்தால், திறந்துவிடலாம். ஆகவே டாங்கை உள்வலையில், தேவையான பகுதிகளுக்கு மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும். அதே ரேக்கில் வைத்தால் ரேக்கோடு தூக்கிப்போகிறவருக்குச் சாவியும் இலவசம். முடிந்தால் வேறு கட்டடம், குறைந்தபட்சம் பூட்டிய வேறு அறை. இன்னொன்று, தொடக்கக் கட்டத்திலேயே வலை வேலை செய்ய வேண்டும். விலான், இணைத்த நெட்வொர்க் கார்டுகள், நிலையான முகவரி எல்லாவற்றையும் அங்கே மறுபடி அமைக்க நேரும். நான் பார்த்தவரை டாங் அமைப்புகள் தடுமாறுவது குறியாக்கக் கணக்கில் அல்ல, இந்த இடத்தில்தான்.

டாங்கையும் டிபிஎம்மையும் பிணைத்தால் கதை முழுமையாகிறது. ரகசியத்தைப் பல பங்குகளாகப் பிரித்து, குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால்தான் திறக்கும்படி செய்யும் ஷமீரின் 1979 முறை க்ளெவிஸில் உள்ளமைந்தே வருகிறது. டிபிஎம் ஒரு பங்கு, இரண்டு டாங்குகளில் ஏதாவது ஒன்று இன்னொரு பங்கு, இரண்டும் கட்டாயம். தனி வட்டு போனால் டிபிஎம் இல்லை. சர்வர் போனால் டாங் இல்லை. ஒரு டாங் பழுதானால் மற்றொன்று இருக்கிறது. மூன்று மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

சாவி சுழற்சியில் மட்டும் கை நிதானம் வேண்டும். டாங்கில் புதுச் சாவி உருவாக்கினால் பழையதை உடனே அழிக்கக் கூடாது. புதிதாகப் பிணைக்கும் சர்வர்களுக்குக் காட்டாமல் அதை மறைத்து வைத்தால் பழைய பிணைப்புகள் தொடர்ந்து திறக்கும். எல்லா சர்வர்களையும் புதுச் சாவியோடு பிணைத்த பிறகே பழையதை நீக்க வேண்டும். அலமாரியில் அணைத்து வைத்திருக்கும் மாற்று சர்வரைக் கணக்கில் எடுக்க மறந்தால், அதற்குத் தேவை வரும் நாளில் அது திறக்காது.

தன்னைத்தானே பூட்டும் வட்டுகள்

எஸ்இடி என்று சொல்லப்படும் வட்டுகள் எழுதும் ஒவ்வொரு பைட்டையும் உள்ளேயே குறியாக்கம் செய்கின்றன; ஓபல் என்பது இவற்றை நிர்வகிக்கும் பொதுத் தரநிலை. பிராசஸருக்குச் சுமை இல்லை. பெரிய லாபம் அழிப்பதில்: உள்ளிருக்கும் சாவியை மாற்றச் சொன்னால் பல டெராபைட் தகவல் நொடிகளில் பொருளற்றுப்போகும். எல்லா வட்டையும் முழுதாக மேலெழுதிக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

என் தயக்கம் இரண்டு. ஒன்று, உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் பார்க்க முடியாது. 2018 நவம்பரில் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் க்ரூஷியல், சாம்சங் நிறுவனங்களின் சில நுகர்வோர் எஸ்எஸ்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது, சிலவற்றில் கடவுச்சொல்லுக்கும் குறியாக்கச் சாவிக்கும் கணித ரீதியாகத் தொடர்பே இல்லை என்று கண்டார்கள். கடவுச்சொல் சரியா என்று பார்க்கும் இடத்தை ஃபர்ம்வேரில் மாற்றினால் போதும், வட்டு திறந்துவிடும். வட்டே குறியாக்கம் செய்யும் என்று நம்பி ஒதுங்கிக்கொண்டிருந்த பிட்லாக்கர், 2019-இல் மென்பொருள் குறியாக்கத்தையே இயல்பாக்கியது. சர்வர் வட்டுகள் எல்லாம் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் நம்பிக்கை என்பதைத் தவிர நம்மிடம் வேறு அளவுகோல் இல்லை.

இரண்டாவது, வட்டு பூட்டிக்கொள்வது மின்சாரம் போனால்தான். மின்கம்பியை விட்டு, தரவுக் கம்பியை மட்டும் வேறு கணினிக்கு மாற்றினால் அது திறந்தே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டின் கடவுச்சொல்லை யார் கொடுப்பது என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. பல வட்டுகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கன்ட்ரோலர் தனக்குள் சாவியை வைத்துக் கொடுத்தால், அது சாவிக் கோப்பு முறையின் இன்னொரு வடிவம்தான்: தனி வட்டுக்குக் காவல், முழு சர்வருக்கு இல்லை. எஸ்இடியின் வேக அழிப்பு வேண்டும், நம்பிக்கையும் வேண்டும் என்பவர்களுக்கு லக்ஸ் வட்டுகளை அமைக்கும் கருவியான கிரிப்ட்செட்டப்பின், 2024-இல் வந்த 2.7 பதிப்பு ஒரு நடுவழி தருகிறது: ஓபலுக்கு மேலேயே லக்ஸ் 2-இன் மென்பொருள் குறியாக்கத்தையும் அடுக்கலாம்.

கேஎம்ஐபி சாவிச் சேவை

பெரிய சேமிப்பகங்கள், டேப் நூலகங்கள், மெய்நிகராக்கத் தளங்கள் எல்லாம் புரிந்துகொள்ளும் பொதுமொழி கேஎம்ஐபி; 2010-இல் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பு முதல் பதிப்பை வெளியிட்டது. ஒரு மைய சர்வர் எல்லாச் சாவிகளையும் வைத்திருக்கும். இரு பக்கமும் சான்றிதழ் காட்டினால்தான் கொடுக்கும். யார், எப்போது, எந்தச் சாவியைக் கேட்டார் என்ற பதிவு இருக்கும். ஒரு சர்வரை மட்டும் தனியாக வெட்டிவிடலாம். தணிக்கையாளர் வந்து உட்காரும் இடங்களில் இதற்கு மாற்று இல்லை, டாங்கால் இந்தப் பதிவைத் தரவே முடியாது.

விலை இயக்கத்தில் இருக்கிறது. சாவி மையத்திலேயே இருப்பதால், அது அழிந்தால் எல்லாம் அழிந்தது. குறைந்தது இரண்டு பிரதிகள், தனிக் காப்பு, பொறுப்பான ஆள் வேண்டும். சான்றிதழ் காலாவதியாவது தனித் துன்பம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் எதையும் காட்டாது, மாதங்கள் கழித்து ரீபூட் செய்யும் அன்றுதான் சாவி மறுக்கப்படும். இன்னொரு பொறி, என் பெட்டகக் கதையின் பெரிய வடிவம்: சாவிச் சேவையை ஒரு மெய்நிகர் சர்வராக்கி, அது திறக்க வேண்டிய அதே குறியாக்கச் சேமிப்பகத்தின் மேல் ஓடவிடுவது. எல்லாம் ஓடும்வரை யாருக்கும் தெரியாது. எல்லாம் அணைந்த பிறகு எதுவும் எழாது. டிஎன்எஸ் சர்வரைக்கூட இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும், சாவிச் சேவையைப் பெயரால் தேடுகிறீர்கள் என்றால்.

மேகத்தில் (கிளவுடில்) சர்வர் வைத்திருப்பவர்களுக்கு வழங்குநரின் சாவிச் சேவையே இந்த இடத்தை நிரப்புகிறது. அங்கே நான் பார்க்கச் சொல்வது அழிக்கும் வழியை. அமேசானின் கேஎம்எஸ்ஸில் சாவியை அழிக்கச் சொன்னால் 7 முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. அந்த நாட்களை 30 என்றே வைத்துவிடுங்கள்.

நான் எதை எடுப்பேன்

ஒன்றிரண்டு சர்வர் என்றால் கையால் தட்டுவேன். திருப்பி அனுப்பும் தரவு வட்டு மட்டும்தான் கவலை என்றால் சாவிக் கோப்பு, அல்லது கன்ட்ரோலர் சாவியோடு எஸ்இடி. பத்திலிருந்து சில நூறு லினக்ஸ் சர்வர்கள் வரை டிபிஎம்மும் இரண்டு டாங்குகளும் சேர்ந்த பிணைப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தணிக்கை கட்டாயம், அல்லது கேஎம்ஐபி தவிர வேறு மொழி புரியாத சேமிப்பகம் என்றால் கேஎம்ஐபி, அதை நடத்த ஆள் ஒதுக்க முடிந்தால் மட்டும்.

எதை எடுத்தாலும் இரண்டு வேலைகள் பாக்கி. முதலாவது, தலைப்பகுதியின் காப்பு. லக்ஸ் 2 இயல்பாக வட்டின் முதல் 16 எம்பியை இதற்கு ஒதுக்குகிறது. அந்தச் சாவி அறைகள் கெட்டால் சரியான கடவுச்சொல் கையில் இருந்தும் பயனில்லை. ஆனால் இந்தக் காப்பே ஒரு சாவிதான். கடவுச்சொல்லை மாற்றினால் மாறுவது அறையின் பூட்டு மட்டும், உள்ளிருக்கும் உண்மைச் சாவி பழையதே. பழைய தலைப்பகுதிக் காப்பும் பழைய கடவுச்சொல்லும் ஒருவரிடம் இருந்தால், நீங்கள் நேற்று மாற்றிய கடவுச்சொல் அவரைத் தடுக்காது. ஒருவர் பணியை விட்டுப் போகும்போது அவரை உண்மையிலேயே வெளியே நிறுத்த வேண்டும் என்றால் வட்டு முழுவதையும் மறு குறியாக்கம் செய்யத்தான் வேண்டும். லக்ஸ் 2 சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ய விடுகிறது.

இரண்டாவது, அவசரக் கடவுச்சொல். ஒவ்வொரு சர்வருக்கும் ஒன்று, தற்செயலாக உருவாக்கியது, காகிதத்தில் அச்சிட்டு ஒட்டிய உறையில், வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதி. உறையின் மேல் சர்வரின் வரிசை எண்ணும் தேதியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு உறையைக் கிழித்து, அந்த சர்வரின் வலைக் கம்பியைப் பிடுங்கி வைத்து, ரீபூட் செய்து, காகிதத்தைப் பார்த்துத் தட்டித் திறந்து பார்க்கிறோம். பிறகு அந்த அறைக்குப் புதுக் கடவுச்சொல், புது உறை, புதுத் தேதி.